ஒரே உடம்பில் இரண்டு புழு: மத்திய ஆப்பிரிக்கக் கிராமங்களும் ஐவர்மெக்டின் மாத்திரையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரூன், காபோன், காங்கோ பக்கம் காட்டை ஒட்டிய கிராமங்களில் ஒருவர் உடம்பில் மூன்று நான்கு வகைப் புழுக்கள் சேர்ந்து இருப்பது அதிசயமே இல்லை. பெரும்பாலும் ஒரு நோய் இன்னொன்றின் சுமையைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி. ஒரு புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற நல்ல மருந்து, கூடவே இருக்கும் மற்றொரு புழுவால் ஆளையே சாய்த்துவிடக்கூடும். இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த ஜோடியைப் பற்றியது.

அந்த இரண்டு புழுக்கள் எவை?

முதலாவது ஓங்கோசெர்கா வால்வுலஸ். ஆற்றுக் குருடு நோயைத் தருவது இதுதான். வளர்ந்த புழுக்கள் தோலுக்கு அடியில் முடிச்சுகளாகச் சுருண்டு கிடக்கும். பெண்புழு பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். அது ஈனும் மைக்ரோஃபைலேரியா எனப்படும் குட்டிப்புழுக்கள் தோல் முழுக்கப் பரவும், கண்ணுக்குள்ளும் போகும். அவை சாகும்போது வரும் அழற்சியால்தான் தாங்க முடியாத அரிப்பும், நாளடைவில் பார்வை இழப்பும் உண்டாகின்றன. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

இரண்டாவது லோவா லோவா. கண்புழு என்று சொல்வார்கள். வளர்ந்த புழு தோலுக்கு அடியில் ஊர்ந்து திரியும். சில சமயம் கண்ணின் வெள்ளைப் பகுதியைக் குறுக்காகக் கடந்து போகும். கண்ணாடியில் பார்த்தால் நமக்கே தெரியும். கை, மணிக்கட்டுப் பகுதியில் திடீரென்று ஒரு வீக்கம் வந்து சில நாளில் தானாக அடங்கும். நைஜீரியாவின் கலபார் நகரத்தின் பெயரால் அதைக் கலபார் வீக்கம் என்கிறார்கள். லோவாவின் குட்டிப்புழுக்கள் தோலில் தங்காமல் ரத்தத்தில் ஓடும். அதுவும் பகலில்தான், நண்பகல் நேரத்தில் மிக அதிகமாக.

இரண்டும் ஒரே ஊரில் எப்படிச் சேர்கின்றன?

இரண்டையும் பரப்புவது ஈக்கள். ஓங்கோசெர்காவைச் சுமப்பது சிமுலியம் என்ற சின்னக் கரு ஈ. வேகமாக ஓடும் தண்ணீரில்தான் அது முட்டையிடும், அதனால்தான் நோயின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. லோவாவைப் பரப்பும் கிரைசாப்ஸ், மாடு குதிரைகளைக் கடிக்கும் பெரிய ஈக்களின் இனம். மழைக்காட்டின் மர நிழலில் வாழ்ந்து, ஓடைக்கரைச் சேற்றில் பெருகும். விறகுப் புகை வாசம் பிடித்து வரும் பழக்கம் இதற்கு உண்டு. காட்டோரத்தில் விறகடுப்பு எரியும் வீட்டுக்கு அது வராமல் இருக்குமா?

பாறைகளில் மோதி ஓடும் ஆறும் அடர்ந்த காடும் ஒருசேர அமைந்த இடத்தில் இரண்டு ஈக்களும் ஒரே ஆளைக் கடிக்கின்றன. கேமரூனின் நடுப்பகுதி, இரண்டு காங்கோக்கள், நைஜீரியாவின் தென்கிழக்கு எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளி நாடுகளில் ஆற்றுக் குருடு உண்டு, ஆனால் கிரைசாப்ஸ் வாழக் காடு இல்லை. லத்தீன் அமெரிக்காவில் லோவாவே கிடையாது. ஒழிப்பு வேலை எங்கே வேகமாக நடந்தது, எங்கே தேங்கியது என்பதில் இந்த நிலவியலுக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு. கொலம்பியா 2013ல், ஈக்வடார் 2014ல், மெக்சிகோ 2015ல், குவாத்தமாலா 2016ல் ஆற்றுக் குருட்டை ஒழித்த நாடுகளாக அங்கீகாரம் பெற்றன. ஆப்பிரிக்காவில் அந்த அங்கீகாரத்தை முதலில் பெற்றது நைஜர், 2025ல். அது சகாரா ஓரத்து நாடு. லோவாக் காடு அங்கே இல்லை.

ஐவர்மெக்டின் நல்ல மருந்துதானே?

மிக நல்ல மருந்து, அதில் சந்தேகம் வேண்டாம். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதற்காகச் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 1987ல் மெர்க் நிறுவனம் ஆற்றுக் குருட்டுக்காக இந்த மாத்திரையைத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது.

எடை பார்க்கத் தராசுகூடத் தேவையில்லை. கிராமத்துத் தன்னார்வலர் ஒரு அளவுக்கோலை நிறுத்தி உயரத்தைப் பார்ப்பார். 90 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஒரு மாத்திரை, 158 செ.மீ.யைத் தாண்டினால் நான்கு. 90 செ.மீ.யைவிடக் குள்ளமான குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கடுமையாக நோயுற்றவர்களுக்கும் கிடையாது. இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் சாலை இல்லாத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கூடவே சொறி சிரங்கும் சில குடற்புழுக்களும் குறைந்தன. பல ஊர்களில் மக்கள் மாத்திரையை விரும்பி வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு குறை உண்டு. இது குட்டிப்புழுக்களை அழிக்கும், வளர்ந்த புழுவைக் கொல்லாது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, தாய்ப்புழு கிழடாகிச் சாகும் வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் கொடுக்க வேண்டும்.

அப்புறம் சிக்கல் எங்கே?

லோவாவின் குட்டிப்புழுக்களையும் ஐவர்மெக்டின் தாக்கும். ரத்தத்தில் அவை கொஞ்சமாக இருந்தால் பிரச்சினை இல்லை. சிலருக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30,000க்கு மேல் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியிலேயே ஆயிரத்தைத் தொடும் அளவுக்கு நெளியும் என்று அர்த்தம். அவ்வளவும் ஒரே நேரத்தில் செயலிழந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. மாத்திரை விழுங்கிய ஓரிரு நாளில் சோர்வு, தடுமாற்றம், பேச்சுக் குழறல், கண்ணில் ரத்தக் கசிவு என்று தொடங்கி நினைவிழப்பு வரை போகலாம். சிலர் இறந்திருக்கிறார்கள், சிலருக்குப் பாதிப்பு நிலைத்துவிட்டது.

1990களில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கேமரூனின் லெக்கியே பகுதியில் 17,877 பேருக்கு ஐவர்மெக்டின் கொடுத்துக் கண்காணித்ததில் 20 பேருக்குக் கடும் எதிர்வினை வந்ததாக 1997ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் ஆயிரம் பேர் உள்ள ஊரில் அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நேற்றுவரை வயலில் வேலை செய்த ஆள், மாத்திரை விழுங்கிய மறுநாள் எழுந்திருக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு யார் வாய் திறப்பார்கள்? அதே லெக்கியேவில் உள்ள ஒகோலா சுகாதார மாவட்டத்தில் இத்தகைய பாதிப்புகளுக்குப் பிறகு 1999ல் விநியோகம் நிறுத்தப்பட்டது.

கண்ணில் புழு ஓடியவர்கள் மாத்திரையைத் தவிர்த்தால் போதாதா?

போதாது. பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கண்ணில் புழு தெரிந்தவர்களில் நிறையப் பேருக்கு ரத்தத்தில் குட்டிப்புழு ஒன்றுகூட இருக்காது. மறுபக்கம், ஒரு மில்லிலிட்டரில் ஐம்பதாயிரம் வைத்திருப்பவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் மரம் வெட்டிக்கொண்டிருப்பார். ஆபத்து அவருக்குத்தான், அது அவருக்கே தெரியாது. ஆளைப் பார்த்தோ, விசாரித்தோ தனி மனிதரின் ஆபத்தைச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு.

ஒரு ஊரின் ஆபத்தை மட்டும் விசாரித்தே கண்டுபிடிக்கலாம். இதற்கு ராப்லோவா என்று ஒரு முறை இருக்கிறது, அழகான முறை. ஊரில் சிலரிடம் மூன்று விஷயம் கேட்பார்கள். கண்ணின் வெள்ளையில் புழு ஓடிய அனுபவம் உண்டா? இந்தப் படத்தில் இருக்கும் புழுதானா? கடைசியாக வந்தபோது ஒரு வாரத்துக்குள் போய்விட்டதா? நூற்றுக்கு நாற்பது பேர் மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த ஊர் ஆபத்தான ஊர். மைக்ரோஸ்கோப் வேண்டாம், ஊசி வேண்டாம். மத்திய ஆப்பிரிக்கா முழுமைக்கும் லோவா வரைபடம் போட்டது இப்படித்தான். அனுபவப்பட்ட கிராமத்தாரின் வாய்மொழி ஆய்வகத்துக்குச் சமமாக நின்ற அபூர்வமான இடம் இது.

தனித்தனியாகச் சோதிக்க வழி உண்டா?

உண்டு, லோவாஸ்கோப். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்தது. ஐஃபோனுடன் சின்ன லென்ஸ் பெட்டியைச் சேர்த்த கருவி. விரல் நுனி ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து உள்ளே வைத்தால், போன் கேமரா வீடியோ எடுக்கும். உயிருள்ள புழு நெளியும்போது அருகில் உள்ள ரத்த அணுக்களை இடிக்கும் அல்லவா, அந்த அசைவை வைத்தே மென்பொருள் எண்ணிக்கையைக் கணக்கிடும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பகலில் செய்ய வேண்டும், இரவில் அந்தப் புழு ரத்தத்தில் தென்படாது.

2015ல் இதை எங்கே முதலில் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள் தெரியுமா? அதே ஒகோலாவில். 16,259 பேரைச் சோதித்தார்கள். மில்லிலிட்டருக்கு 20,000க்கு மேல் இருந்த 340 பேருக்கு மட்டும் ஐவர்மெக்டின் கொடுக்கவில்லை. அது நூற்றுக்கு இரண்டு பேர்தான். கர்ப்பம், உடல்நலக் குறைவு காரணமாக வேறு சிலரை விலக்கியது போக 15,522 பேர் மாத்திரை விழுங்கினார்கள். கடும் எதிர்வினை ஒன்றுகூட இல்லை. சோதித்து, ஆபத்துள்ளவருக்குக் கொடுக்காமல் விடுவது என்ற இந்த முறை 2017ல் மருத்துவ இதழில் வந்தது. கேமரூன் தலைநகர் யாவுண்டேயைச் சேர்ந்த ஜோசப் காம்னோவின் குழு செய்த வேலை.

பதினாறு ஆண்டுகளாக முழு ஊருக்கும் மருந்தை நிறுத்தி வைத்திருந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கு இருந்த ஆபத்து. நிறுத்தியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். யார் அந்த இரண்டு பேர் என்று தெரியாதபோது வேறு வழி இல்லை. ஆனால் ஊர் ஊராகக் கருவியோடு ஆள் அனுப்பி எல்லோர் விரலையும் குத்துவது, மாத்திரை டப்பாவைத் தன்னார்வலரிடம் கொடுப்பதுபோல மலிவான வேலை அல்ல. இன்றைய இடைஞ்சல் அந்தச் செலவுதான்.

மருந்தை மாற்றிவிடலாமே?

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. ஓங்கோசெர்கா புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது, அது இல்லாமல் புழுவால் இனம் பெருக்க முடியாது. டாக்சிசைக்ளின் அந்தப் பாக்டீரியாவை அழித்துப் புழுவை மலடாக்கி, மெல்லச் சாகடிக்கும். லோவா புழுவில் வோல்பாக்கியாவே இல்லை என்பதால் இந்த மருந்து அதைத் தொடாது. கூட்டுத் தொற்று உள்ளவருக்குக் கச்சிதமான மருந்து. கஷ்டம் என்னவென்றால் நாள்தோறும் நான்கு முதல் ஆறு வாரம் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. தனி நோயாளிக்குச் சரி, ஒரு மாவட்டத்துக்கே கொடுப்பது கடினம்.

ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் லோவாவின் எண்ணிக்கை மெதுவாக இறங்கும். திடீரென்று கொல்வதில்லை, அதனால் அதிர்ச்சியும் இல்லை. 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாக்சிடெக்டின், ஓங்கோசெர்காவின் குட்டிப்புழுக்களை ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் அடக்கி வைக்கிறது. ஆனால் அதுவும் ஐவர்மெக்டினின் உறவுக்கார மருந்துதான், லோவா உள்ள ஊரில் அதே எச்சரிக்கை வேண்டும்.

நம் ஊர் யானைக்கால் மாத்திரையை அங்கே கொடுக்க முடியாதா?

டிஇசி எனப்படும் டைஎதில்கார்பமசினைக் கேட்கிறீர்கள். முடியாது. ஓங்கோசெர்கா உள்ளவருக்கு டிஇசி கொடுத்தால் தோலில் உள்ள குட்டிப்புழுக்கள் கும்பலாகச் செத்து, காய்ச்சல், கடும் அரிப்பு, ரத்த அழுத்தச் சரிவு, கண் பாதிப்பு எல்லாம் வரலாம். இதற்கு மஸ்ஸோட்டி எதிர்வினை என்று பெயர். லோவா அதிகம் உள்ளவருக்கோ டிஇசியும் மூளைப் பாதிப்பைத் தரும்.

ஆக, யானைக்கால் நோயும் உள்ள மத்திய ஆப்பிரிக்கக் கிராமத்தில் கை இரண்டும் கட்டப்பட்ட நிலைமை. டிஇசி கூடாது, ஐவர்மெக்டினும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. அதனால் அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை ஆல்பெண்டசோல் மட்டும், கூடவே கொசுவலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2012ல் தனி வழி சொன்னது. போதாக்குறைக்கு, யானைக்காலைக் கண்டுபிடிக்கும் அட்டைப் பரிசோதனையும் இங்கே ஏமாற்றுகிறது. லோவா மிகுதியாக உள்ளவரின் ரத்தம் பட்டாலும் அது யானைக்கால் என்று கோடு காட்டிவிடும். இல்லாத நோய்க்கு வரைபடத்தில் வண்ணம் பூசிய இடங்கள் உண்டு.

இந்தியாவில் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்களே, இங்கே ஆபத்து இல்லையா?

இந்த ஆபத்து இல்லை. ஐவர்மெக்டின், டிஇசி, ஆல்பெண்டசோல் மூன்றையும் ஒன்றாகக் கொடுப்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2017ல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2018 முதல் யானைக்கால் தங்கிவிட்ட சில மாவட்டங்களில் கொடுக்கிறார்கள். லோவாவும் ஆற்றுக் குருடும் இந்தியாவில் பரவும் நோய்கள் அல்ல, அதனால்தான் துணிந்து கொடுக்க முடிகிறது. மாத்திரைக்குப் பின் ஓரிரு நாள் தலைவலி, காய்ச்சல், உடல்வலி வந்தால் அது பெரும்பாலும் யானைக்கால் குட்டிப்புழுக்கள் சாவதன் விளைவு, தானாக அடங்கிவிடும். அதைக் காட்டிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளையும் கேமரூன் கதையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லோவாவால் மட்டும் தனியாகக் கெடுதல் இல்லையா?

நீண்ட காலம் இல்லை என்றே நினைத்தார்கள். கண்ணில் புழு ஓடுகிறது, வீங்குகிறது, வற்றுகிறது, தொல்லைதானே தவிர ஆபத்தில்லை என்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில்கூட லோவா இல்லை. புறக்கணிக்கப்பட்டவற்றிலும் புறக்கணிக்கப்பட்டது!

கிழக்குக் கேமரூனில் 2001ல் ரத்தம் சோதிக்கப்பட்ட கிராமத்தாரைப் பதினைந்து ஆண்டு கழித்து 2016ல் தேடிப் போனார்கள். லோவா மிகுதியாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். அந்த ஊர்களின் சாவுகளில் நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து அளவுக்கு லோவாவோடு தொடர்புடையது என்பது அவர்கள் கணக்கு. இதயம், சிறுநீரகப் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. என் கருத்தில் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். இப்போது வரை ஆற்றுக் குருடு வேலைக்கு நடுவில் வரும் முட்டுக்கட்டையாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். முட்டுக்கட்டை என்று நினைத்தால் சுற்றிப் போகத்தான் வழி தேடுவோம், மருந்து தேட மாட்டோம்.

கொக்கிப்புழு, மலேரியா எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வரும். கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடிக்கும், மலேரியா ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தச்சோகை மோசமாகும், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் குறிப்பாக. ஆனால் இங்கே மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இரண்டுக்கும் தைரியமாக வைத்தியம் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இதுபோல ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று கிளம்பும் நிலைமை உண்டா?

லோவா அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டைச் சொல்லலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சுகள் மூளையில் கட்டிகளாகத் தங்கும். வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதன் அடையாளம் இருந்தது. ஆல்பெண்டசோல், பிராசிகுவான்டல் மருந்துகள் அந்தக் கட்டியைத் தாக்கும்போது வலிப்பு வரலாம், அதனால்தான் மருத்துவர்கள் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூளையில் கட்டி இருப்பது தெரிந்தவர்கள் இந்த மருந்துகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

இன்னொன்று ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு. மண்ணிலிருந்து கால் தோல் வழியாக ஏறி, பல்லாண்டு சத்தமில்லாமல் குடலில் இருக்கும். வேறு நோய்க்காக நிறைய ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, அது உடம்பெங்கும் பெருகி உயிருக்கே உலை வைக்கும். இங்கே ஐவர்மெக்டின்தான் காப்பாற்றுகிற மருந்து.

வேலைக்காக காபோன், கேமரூன், காங்கோ போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

கிரைசாப்ஸ் பகலில் கடிக்கும், ஆகவே இரவுக் கொசுவலை இதற்கு உதவாது. மரம் வெட்டும் முகாம், ரப்பர்த் தோட்டம், காட்டுச் சாலைப் பணி என்றால் வெளிர் நிற முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போடுங்கள், பூச்சி விரட்டி பூசுங்கள். விறகு நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பல மாதம் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே தடுப்பு மருந்து தேவையா என்று பயண மருத்துவரிடம் கேளுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை தனி. அது லோவாவைத் தடுக்காது.

ஊர் திரும்பிய பிறகும் மறந்துவிடாதீர்கள். லோவா புழு உடம்பில் பதினைந்து ஆண்டுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். கை வீங்கி வற்றினாலோ, கண்ணில் ஏதோ ஊர்வதுபோல இருந்தாலோ, ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு காரணமில்லாமல் ஏறியிருந்தாலோ, மத்திய ஆப்பிரிக்காவில் இருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நம் ஊரில் ஈசினோஃபில் கூடினால் டிஇசி எழுதிக் கொடுப்பது வழக்கம், சொறிக்கு ஐவர்மெக்டின் கடையில் கேட்டாலே கிடைக்கும். உங்களைப் பொறுத்தவரை நண்பகலில் எடுத்த ரத்தத்தில் குட்டிப்புழு இருக்கிறதா, எவ்வளவு என்று பார்த்த பிறகே இந்த இரண்டில் எதையும் தொட வேண்டும்.